அம்மாவின் மாத்திரைகளும் மண்ணில் வாழும் நுண்ணுயிர்களும்

முதலில் கேள்வியைச் சுருக்கித் தருகிறேன். சிங்கப்பூரில் இருக்கும் ஒரு பெண் கேட்டிருக்கிறார். அவருடைய அம்மாவுக்குச் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. புதுச் சிறுநீரகத்தை உடம்பு ஒதுக்கிவிடாமல் இருக்க, தினமும் டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், பிரெட்னிசொலோன் ஆகிய மூன்றையும் சாப்பிடுகிறார். கொலஸ்ட்ராலுக்குச் சிம்வாஸ்டாட்டின், சர்க்கரைக்கு அகார்போஸ் தனி. "இதில் பாதிக்கு மேல் கிருமிகள் செய்து கொடுத்தவை" என்று மருந்தாளர் சொல்லியிருக்கிறார். அது உண்மையா, உண்மை என்றால் இப்போது ஏன் புதிது புதிதாக வருவதில்லை, சிங்கப்பூர் மண்ணில் யாராவது தேடுகிறார்களா, கடைசியாக, சீன மருந்துக்கடையில் விற்கும் சிவப்பு ஈஸ்ட் அரிசியைக் கொலஸ்ட்ரால் மாத்திரைக்குப் பதிலாகக் கொடுக்கலாமா? இவ்வளவுதான் கேள்வி.

நான் மருத்துவர் இல்லை. நுண்ணுயிர்களை வளர்த்து, அவை வெளியிடும் பொருள்களைப் பிரித்தெடுக்கும் ஆய்வுக்கூட வேலையில் இருந்தவன். அந்த அளவுக்கு என் பதிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

மருந்தாளர் சொன்னது உண்மை. சொல்லப்போனால் கொஞ்சம் குறைத்தே சொல்லியிருக்கிறார்.

டாக்ரோலிமஸ் 1984இல் ஜப்பானில் கிடைத்தது. சுகுபா மலைப் பகுதியின் மண்ணில் இருந்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பாக்டீரியாவிலிருந்து ஃபூஜிசாவா நிறுவனத்தார் அதைப் பிரித்தெடுத்தார்கள். மைக்கோபினோலேட்டின் கதை இன்னும் பழையது. 1893இல் இத்தாலியில் பார்த்தலோமியோ கோசியோ என்ற மருத்துவர், கெட்டுப்போன மக்காச்சோளத்தில் வளர்ந்த பெனிசிலியம் பூஞ்சையிலிருந்து ஓர் அமிலத்தைப் படிகமாக எடுத்தார். அது ஆந்த்ராக்ஸ் கிருமியின் வளர்ச்சியைத் தடுப்பதையும் கண்டார். ஃப்ளெமிங் பென்சிலினைப் பார்த்தது 1928இல்தான். ஆனாலும் கோசியோவை யாரும் கண்டுகொள்ளவில்லை. அவர் எடுத்த அந்தப் பொருளின் ஒரு வடிவம், மாற்றுச் சிறுநீரகத்தைக் காக்கும் மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது 1995இல். நூறு வருஷம் ஆயிற்று.

சிம்வாஸ்டாட்டின், அஸ்பெர்ஜில்லஸ் டெரியஸ் என்ற பூஞ்சை செய்யும் லோவாஸ்டாட்டினில் சின்ன மாற்றம் செய்து வந்தது. அகார்போஸ், ஆக்டினோபிளேன்ஸ் என்ற மண் பாக்டீரியாவிலிருந்து வருவது. மாவுச்சத்தை உடைக்கும் நொதிகளை அது குடலில் தடுத்துவிடும். சோறு சர்க்கரையாவது தாமதமாகும். உடையாத மாவுச்சத்து பெருங்குடலுக்குப் போய் அங்கிருக்கும் பாக்டீரியாக்களுக்கு விருந்தாகிவிடும். அகார்போஸ் சாப்பிடுகிறவர்களுக்கு வாயுத் தொல்லை வருவது அதனால்தான். ஒரு பாக்டீரியா தந்த மருந்தை வைத்து நாம் வேறு பாக்டீரியாக்களுக்குச் சாப்பாடு போடுகிறோம்.

மீதி இருப்பது பிரெட்னிசொலோன். இது நம் உடம்பில் சுரக்கும் ஹார்மோனைப் பார்த்துச் செய்தது, கிருமியின் சொந்தச் சரக்கு இல்லை. ஆனால் இதிலும் அவற்றின் கை இருக்கிறது. முதலில் கார்ட்டிசோனை மாட்டுப் பித்த அமிலத்திலிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட வேதியியல் படிகளில் செய்தார்கள். விலை கட்டுப்படியாகவில்லை. மூலக்கூறில் ஒரு குறிப்பிட்ட இடத்தில், 11ஆம் கார்பனில், ஆக்சிஜனைக் கொண்டுபோய் வைப்பதுதான் பெரிய சிக்கல். 1952இல் அப்ஜான் நிறுவனத்தார் ரைசோபஸ் பூஞ்சையை வைத்து அதை ஒரே படியில் முடித்துக் காட்டினார்கள். கேலாங் சிராய் சந்தையில் சோயாவில் செய்த தெம்பே வாங்குகிறீர்களே, அதைப் பிடித்துக் கட்டியாக்குவதும் ரைசோபஸ் இனப் பூஞ்சைதான். பிற்பாடு பிரெட்னிசொலோனுக்குத் தேவையான அடுத்த மாற்றத்தைச் செய்ய ஒரு பாக்டீரியாவையே பிடித்தார்கள்.

சரி, இப்போது நீங்கள் கேட்காத ஒரு கேள்வி. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்தது இதுதான். சுகுபா மலை மண்ணில் கிடக்கும் ஒரு பாக்டீரியாவுக்கு மனிதரின் சிறுநீரகத்தைப் பற்றி என்ன தெரியும்? நம்முடைய வெள்ளணுக்களை அடக்கும் பொருளை அது ஏன் செய்ய வேண்டும்?

நமக்காகச் செய்யவில்லை. மண்ணில் அதற்குப் பக்கத்தில் வாழ்வது பூஞ்சைகளும் மற்ற பாக்டீரியாக்களும். ஒரே இலைச்சருகுக்கு எல்லோரும் போட்டி. பூஞ்சையின் உயிரணு, பாக்டீரியாவை விட நம்முடைய உயிரணுவுக்கு நெருக்கமானது. நமக்கும் பூஞ்சைக்கும் பொது மூதாதை உண்டு. பிரிந்து சுமார் 100 கோடி ஆண்டு ஆனாலும் உள்ளே பல இயந்திரங்கள் அப்படியே இருக்கின்றன. டாக்ரோலிமஸ் உயிரணுவுக்குள் ஒரு சின்னப் புரதத்தைப் பிடித்துக்கொண்டு, கால்சிநியூரின் என்ற நொதியை முடக்குகிறது. இந்த இரண்டும் ஈஸ்ட்டிலும் இருக்கின்றன, நம் வெள்ளணுக்களிலும் இருக்கின்றன. பூஞ்சையில் கை வைக்கும் பொருள் நம் உயிரணுவிலும் பொருந்துகிறது. வெள்ளணு விழித்துக்கொள்ளக் கால்சிநியூரின் வேண்டும். அது முடங்கினால், புதிதாக வைத்த சிறுநீரகத்தை அந்நியன் என்று பார்த்துத் தாக்காது.

இதை அழகாகக் காட்டுவது டாக்ரோலிமஸின் அண்ணன் போன்ற ராபமைசின். 1964இல் கனடாவிலிருந்து ஒரு மருத்துவக் குழு பசிபிக் பெருங்கடலின் ஈஸ்டர் தீவுக்குப் போய் மண் எடுத்து வந்தது. மாண்ட்ரியலில் ஏயர்ஸ்ட் நிறுவனத்தில் சுரேந்திரநாத் சேகல் குழுவினர் அதிலிருந்து ராபமைசினைப் பிரித்து 1975இல் வெளியிட்டார்கள். அப்போது அவர்கள் தேடியது பூஞ்சைக் கொல்லி. பார்த்தால் அது நோய் எதிர்ப்பாற்றலையும் அடக்கியது, பூஞ்சைத் தொற்றுக்கு மருந்தாகக் கொடுக்க முடியாது. நிறுவனத்துக்கு ஆர்வம் போய்விட்டது. 1980களின் தொடக்கத்தில் மாண்ட்ரியல் ஆய்வுக்கூடத்தை மூடியபோது சேகல் அதைத் தூக்கி எறிய மனமில்லாமல் வீட்டுக்குக் கொண்டுபோய் ஃப்ரீசரில் வைத்திருந்தார். சிரோலிமஸ் என்ற பெயரில் 1999இல் அது சிறுநீரக மாற்று நோயாளிகளுக்கான மருந்தானது. அது உயிரணுவுக்குள் எதைப் பிடிக்கிறது என்று கண்டுபிடிக்க உதவியதும் பேக்கரி ஈஸ்ட்தான். ராபமைசினுக்கு அடங்காத ஈஸ்ட்டுகளைப் பொறுக்கி, அவற்றில் எந்த மரபணு மாறியிருக்கிறது என்று பார்த்து, 1991இல் டோர் என்ற புரதத்தைச் சுவிட்சர்லாந்தின் பாசலில் அடையாளம் கண்டார்கள். உயிரணு எப்போது வளரலாம், எப்போது சும்மா இருக்கலாம் என்று முடிவு செய்யும் புரதம் அது. இன்று முதுமை, புற்றுநோய் ஆராய்ச்சியில் பாதிப்பேர் பேசுவது இதைப் பற்றித்தான். எலிகளின் ஆயுளை ராபமைசின் நீட்டியது 2009இல் தெரியவந்த பிறகு, இதை இளமை மாத்திரையாக வாங்கிச் சாப்பிடுகிற ஆட்களும் கிளம்பிவிட்டார்கள். நோய் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தை அப்படி விழுங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சிம்வாஸ்டாட்டின் போன்ற கொலஸ்ட்ரால் மருந்துகளான ஸ்டாட்டின்களின் கதையும் இதே தர்க்கம்தான், அதுவும் தெரிந்தே செய்தது. ஜப்பானின் சாங்க்யோ நிறுவனத்தில் அகிரா எண்டோ இப்படி யோசித்தார்: பல நுண்ணுயிர்களுக்குத் தங்கள் உறையைக் கட்ட ஸ்டீரால் என்ற கொழுப்பு வகைப் பொருள் வேண்டும். அதைத் தயாரிக்க விடாமல் எதிரியை வீழ்த்தும் பூஞ்சை ஒன்று எங்காவது இருக்கத்தான் வேண்டும். கொலஸ்ட்ராலும் ஒரு ஸ்டீரால்தானே, ஆரம்பப் படிகள் ஒன்றுதானே! சுமார் 6,000 பூஞ்சை வகைகளைச் சோதித்து, 1973இல் அரிசியில் வளர்ந்த ஒரு நீலப் பூஞ்சையில் காம்பாக்டினைக் கண்டார். அது மருந்துக் கடைக்கு வரவில்லை. ஆனால் அதன் வழியே வந்த லோவாஸ்டாட்டினை மெர்க் நிறுவனம் 1987இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று நிறையப் பேர் சாப்பிடும் அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் முழுக்கத் தொழிற்சாலையில் செய்தவை. அவையும் பூஞ்சை காட்டிய பூட்டைத்தான் திறக்கின்றன.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின், 1943, அமெரிக்க மண். அதற்குப் பின் வந்த ரிஃபாம்பிசின் பிரெஞ்சுக் கடற்கரைப் பகுதி மண். ரிஃபாம்பிசின் சேர்த்து ஆறு மாதத்தில் காசநோயை முடிக்கலாமா என்ற சோதனைகளில் சில 1970களில் சிங்கப்பூரில்தான் நடந்தன. புற்றுநோய்க்கு ஏற்றும் அந்தச் சிவப்பு மருந்து, டாக்ஸோரூபிசின், ஸ்ட்ரெப்டோமைசிஸ் செய்வது. யானைக்கால், ஆற்றுக் குருடு நோய்களுக்கு எதிரான ஐவர்மெக்டின், ஜப்பானில் ஒரு கோல்ஃப் மைதானத்துக்கு அருகே எடுத்த மண். 2015இல் சதோஷி ஓமுராவுக்கும் வில்லியம் கேம்பலுக்கும் நோபல் வாங்கித் தந்தது. முதல் டெட்ராசைக்ளின் வகை மருந்து 1948இல் வெளிவந்த ஆய்வகத்தில் ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கியவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவ். நம் பக்கத்து மண்ணுக்கும் பங்கு உண்டு: எரித்ரோமைசின் பிலிப்பீன்ஸின் இலோய்லோவிலிருந்து, வான்கோமைசின் போர்னியோ காட்டிலிருந்து ஒரு பாதிரியார் அனுப்பிய மண்ணிலிருந்து. வேறு எதற்கும் அடங்காத தொற்றுக்கு இன்றும் வான்கோமைசின் ஏற்றுகிறார்கள்.

இவ்வளவு கிடைத்ததே, பிறகு ஏன் வறட்சி? கிடைத்ததே திரும்பத் திரும்பக் கிடைக்க ஆரம்பித்ததுதான் முதல் காரணம். புது மண், புது பாக்டீரியா, பல வார உழைப்பு. கடைசியில் பார்த்தால் ஐம்பது வருஷத்துக்கு முன்பே தெரிந்த பொருள். எங்கள் வேலையில் பெரும்பகுதி, "இது ஏற்கெனவே தெரிந்ததுதான்" என்று சீக்கிரம் கண்டுபிடித்து ஒதுக்குவதுதான். சலிப்பான வேலை, ஆனால் அதைச் சரியாகச் செய்யாத கூடத்துக்குப் பணம் கரைந்துவிடும்.

இன்னொன்று, மண்ணில் இருக்கும் பாக்டீரியாக்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்றுதான் ஆய்வகத் தட்டில் வளரும். மீதிக்கு நம் சாப்பாடு பிடிக்காது, அல்லது அக்கம்பக்கத்து உயிர்கள் இல்லாமல் வளராது. 2015இல் அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தினர் வழி ஒன்றின் பலனைக் காட்டினார்கள். சின்னச் சின்னத் துளைகள் உள்ள தகட்டில் ஒவ்வொரு பாக்டீரியாவையும் தனித்தனியாக அடைத்து, சவ்வு போட்டு மூடி, அதே மண்ணுக்குள் திரும்பப் புதைத்துவிட்டார்கள். தனக்குத் தேவையானதை மண்ணிலிருந்தே எடுத்துக்கொண்டு அது வளர்ந்தது. அப்படிக் கிடைத்த நுண்ணுயிர்க்கொல்லிதான் டெய்க்ஸோபாக்டின். பாக்டீரியாவின் உறையைக் கட்டும் மூலப்பொருளையே அது பிடிப்பதால், பாக்டீரியா அந்த மருந்துக்கு எதிர்ப்புப் பெறுவது கடினம். செய்தித்தாள்கள் கொண்டாடின. இன்னும் மருந்துக் கடைக்கு வரவில்லை.

மரபணு வரிசையைப் படிக்க ஆரம்பித்த பிறகு இன்னொரு ஆச்சரியம் தெரிந்தது. ஸ்ட்ரெப்டோமைசிஸ் கோயலிகலர் என்ற பாக்டீரியாவைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்து, அது மூன்று நான்கு நுண்ணுயிர்க்கொல்லிகள் செய்யும் என்றுதான் நினைத்திருந்தார்கள். 2002இல் அதன் முழு மரபணு வரிசை வெளியானபோது, அப்படிப்பட்ட பொருள்களைச் செய்யும் மரபணுக் கூட்டங்கள் இருபதுக்கு மேல் இருந்தன. பெரும்பாலானவை ஆய்வகத்தில் வேலையே செய்யவில்லை. பொங்கலுக்கு மட்டும் வெளியே வரும் வெண்கலப் பானை மாதிரி, வீட்டில் இருக்கும், தினசரிச் சமையலில் பார்க்க முடியாது. அந்தப் பாக்டீரியாவுக்கு எது பொங்கல் என்பது நமக்குத் தெரியாது. எதிரி வர வேண்டுமா, பட்டினி வேண்டுமா, வேறொரு பூஞ்சையின் வாசனை வேண்டுமா?

இங்கேதான் சிங்கப்பூர் வருகிறது. சிங்கப்பூர் அரசின் ஆராய்ச்சி அமைப்பான ஏ-ஸ்டாரின் ஆய்வாளர்களும் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து 2017இல் ஒரு குறுக்குவழியைக் காட்டினார்கள். மரபணுவை வெட்டி மாற்ற உதவும் கிரிஸ்பர் கத்தரியை வைத்து, தூங்கும் மரபணுக் கூட்டத்தின் முன்னால் எப்போதும் "செய், செய்" என்று சொல்லும் ஒரு துண்டைச் சொருகிவிட்டார்கள். சில பாக்டீரியாக்கள் அதுவரை செய்யாத பொருள்களைச் செய்ய ஆரம்பித்தன. அதில் ஒன்று உலகத்துக்கே புதியது.

தேடுவதற்கான சரக்கும் இங்கே இருக்கிறது. 1993இல் பொருளியல் வளர்ச்சிக் கழகமும் கிளாக்ஸோ நிறுவனமும் சேர்ந்து இயற்கைப் பொருள்களுக்கென்று ஓர் ஆய்வு நிலையம் தொடங்கின. 2002இல் அது மெர்லயன் என்ற நிறுவனமாகப் பிரிந்தது. பிறகு அந்தத் தொகுப்பு ஏ-ஸ்டாரிடம் வந்தது. பூஞ்சை, பாக்டீரியா, தாவர மாதிரிகள் என்று சுமார் 1,60,000 இருப்பதாக 2018இல் வெளியிட்டார்கள். பல காடுகளிலிருந்து, பல நாடுகளிலிருந்து சேர்த்தது. உலகத்தின் பெரிய தொகுப்புகளில் ஒன்று, நம் தீவில். பலருக்கு இது தெரியாது.

சுங்கை பூலோ சதுப்பு நிலச் சேற்றில் புது மருந்து இருக்குமா என்று கேட்டால், புதுப் பொருள் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. உப்பும் நன்னீரும் மாறி மாறி வரும் சேற்றில் வாழும் உயிர்களின் வேதியியல் வேறு மாதிரி இருக்கும். ஆனால் புதுப் பொருள் வேறு, மருந்து வேறு. கடலடிச் சேற்றில் வாழும் சாலினிஸ்போரா என்ற பாக்டீரியாவிலிருந்து அமெரிக்கர்கள் எடுத்த ஒரு பொருள், மூளைப் புற்றுநோய்க்கு மூன்றாம் கட்டச் சோதனை வரை போய் அங்கே தோற்றது. தட்டில் புற்றணுவைக் கொல்வது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை, பினாயில் ஊற்றினாலும் சாகும். மனிதரைக் கொல்லாமல் கொல்ல வேண்டும், வயிற்றில் உடையாமல் இரத்தத்துக்குப் போக வேண்டும், டன் கணக்கில் வளர்த்து எடுக்க முடிய வேண்டும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். யாரும் ஆர்வத்தில் வாளியோடு போய்விடாதீர்கள். இயற்கை வனப்பகுதிகளில் மாதிரி எடுக்கத் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும். அதோடு நம் மண்ணில் மெலியாய்டோசிஸ் என்ற நோயைத் தரும் பாக்டீரியா இருக்கிறது. கனமழைக்குப் பிறகு அதிகம் தலைகாட்டும். சர்க்கரை நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களைத்தான் முதலில் பிடிக்கும். அம்மாவைத் தொட்டிச் செடிக்கு மண் மாற்றவிடும்போது கையுறை போடச் சொல்லுங்கள். அந்த நோய்க்குக் கொடுக்கும் செஃப்டாசிடிமின் மூலம், இத்தாலியின் சார்டினியாத் தீவில் சாக்கடை கடலில் கலக்கும் இடத்தில் 1945இல் கிடைத்த பூஞ்சை என்பது வேறு கதை.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் கணிப்பில் அறிவியலை விடப் பெரிய தடை அதுதான். கொலஸ்ட்ரால் மாத்திரையை ஒருவர் முப்பது வருஷம் சாப்பிடுவார். நுண்ணுயிர்க்கொல்லியை ஒரு வாரம். அதிலும் புதியது, வலுவானது வந்தால், எதிர்ப்பு வந்துவிடக் கூடாது என்று மருத்துவர்கள் அலமாரியில் பூட்டி வைப்பார்கள். அது சரியான செயல்தான், ஆனால் செய்தவன் எப்படிப் பிழைப்பான்? அமெரிக்காவின் அக்காவோஜென் நிறுவனம் பிளாசோமைசின் என்ற புது நுண்ணுயிர்க்கொல்லிக்கு 2018இல் அனுமதி வாங்கியது, 2019இல் திவாலானது. மருந்துக்கு எதிர்ப்புப் பெற்ற பாக்டீரியாக்களால் 2019இல் மட்டும் உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். தேவை இருக்கிறது, பொருள் இருக்கிறது, சந்தை இல்லை. விற்ற எண்ணிக்கையைப் பார்க்காமல், மருந்தைத் தயாராக வைத்திருப்பதற்கே ஆண்டுக்கு இவ்வளவு என்று அரசு கொடுக்கும் முறையைப் பிரிட்டன் தொடங்கியிருக்கிறது. எல்லா நாடும் அந்த வழிக்கு வரவேண்டும் என்பது என் கருத்து.

கடைசியாகச் சிவப்பு ஈஸ்ட் அரிசி. ஹொக்கியன்காரர்கள் ஆங் காக் என்பார்கள். அரிசியில் மொனாஸ்கஸ் என்ற பூஞ்சையை வளர்த்துக் காயவைத்தது. ஃபூச்சாவ் மக்களின் சிவப்பு மதுக் கோழிக்கு நிறம் கொடுப்பதும் அதுதான். இந்தப் பூஞ்சை மொனாகொலின் கே என்ற பொருளைச் செய்கிறது. 1979இல் இதையும் கண்டுபிடித்தவர் அதே எண்டோ. அது வேறொன்றுமில்லை, லோவாஸ்டாட்டினேதான், அச்சு அசலாக. ஆகவே "இயற்கை, பக்கவிளைவு இல்லை" என்ற பேச்சுக்கே இடமில்லை. மாத்திரையில் இத்தனை மில்லிகிராம் என்று தெரியும், பொட்டலத்தில் எவ்வளவு என்று தெரியாது. ஒன்றில் ஒன்றுமே இருக்காது, இன்னொன்றில் நிறைய இருக்கும். சிம்வாஸ்டாட்டினோடு சேர்த்தால் ஒரே மருந்து இரண்டு பங்கு மாதிரி. இந்த மருந்து அளவு மீறினால் தசை சிதையலாம், அந்தக் கழிவு போய்ச் சேர்வது சிறுநீரகத்துக்கு. இன்னும் மோசம், சில மொனாஸ்கஸ் வகைகள் சிட்ரினின் என்ற நஞ்சையும் செய்யும், அது தாக்குவதும் சிறுநீரகத்தைத்தான். உங்கள் அம்மாவுக்குக் கண்டிப்பாக வேண்டாம்.

அப்புறம் டாக்ரோலிமஸ் சாப்பிடுகிறவர் என்பதால் இன்னும் இரண்டு விஷயம். அதை உடைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதியைக் கிளாரித்ரோமைசின் தடுக்கும். எரித்ரோமைசினிலிருந்து வந்த நுண்ணுயிர்க்கொல்லி அது. இருமல் சளிக்குப் பக்கத்து கிளினிக்கில் எழுதிக் கொடுத்தால், டாக்ரோலிமஸின் அளவு இரத்தத்தில் ஏறிச் சிறுநீரகத்தையே பாதிக்கும். எந்த மருத்துவரிடம் போனாலும் மருந்துப் பட்டியலை முதலில் காட்டுங்கள். கிரேப்ஃப்ரூட்டும் அதே நொதியைத் தடுக்கும், சீனப் புத்தாண்டுக்கு வீட்டுக்கு வரும் பொமெலோவும் அப்படித்தான். பழம் அழகாக மேசையில் இருக்கட்டும், அம்மாவுக்கு ஆரஞ்சு கொடுங்கள். பொட்டலத்தை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், எத்தனை நாள் சாப்பிட்டார் என்பதை மாற்று சிகிச்சைப் பிரிவுக்கு இன்றே போன் செய்து சொல்லிவிடுங்கள். அடுத்த தேதி வரை காத்திருக்க வேண்டாம்.